காலியாக விடக் கூடாத அரைப் பக்கம்

"கரடி கூடாதாம்" என்றார் ஆல்பின், மூச்சு வாங்கிக்கொண்டே. தணிக்கை அலுவலகத்துப் பியூன். அறுபது வயதில் நான்கு மாடி ஏறி வந்த கோபம் முகத்தில் இருந்தது.

பத்திரிகை ஆசிரியர் ருனார் நாட்காட்டியைப் பார்த்தார். நாளை மே முதல் நாள், வப்புத் திருவிழா. ரஷ்ய ஆட்சியிலிருக்கும் ஹெல்சிங்ஃபோர்ஸ் நகரத்து மாணவர்கள் வெள்ளைத் தொப்பியோடு தெருவில் இறங்கும்போது இந்த ஸ்வீடிஷ் மொழி நகைச்சுவைப் பத்திரிகை அவர்கள் கையில் இருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கத் தடையில் கிடந்தது. இந்த இதழும் வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

கரடிப் படத்தை வெட்டிய அரைப் பக்கத்தைக் காலியாகவும் விட முடியாது. வெட்டியது ஊருக்குத் தெரியக் கூடாது என்று உத்தரவு.

"நாற்காலியை உடைக்கிற கரடின்னா ரஷ்யான்னு குழந்தைக்குக்கூடத் தெரியும் சார். நான் அப்பவே சொன்னேன்" என்றாள் ஓவியர் தைரா.

"சொன்னே, சொன்னே. கடல்சிங்கமா மாத்து."

மாற்றினாள். ஒரு மணி நேரத்தில் ஆல்பின் திரும்பினார்.

"அந்த மீசை கவர்னர் மீசையாம்."

"மிருகமே வேண்டாம்மா. உடைஞ்ச நாற்காலி மட்டும் போதும்."

அதுவும் திரும்பியது. "உக்காந்து உடைச்சது யாருன்னு கேக்கறாரு. அதே பக்கத்து மறுபாதி ஜோக்கையும் சேத்து அடிச்சிட்டாரு."

அரைப் பக்கம் இப்போது ஒரு பக்கமாகிவிட்டது. ருனார் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு வப்புக்கு வீடுதோறும் காய்ச்சும் தேன்பானத்தின் செய்முறையை எழுதிக் கொடுத்தார். இதில் யார் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்?

கண்டுபிடித்தார்கள். 'அடியில் கிடக்கும் திராட்சைகள் மேலே எழும்பும்' என்ற வரியில் சிவப்பு மையால் இரண்டு கோடு.

"அடியில கிடக்கறதெல்லாம் எழும்பினா நாடு என்னாகும்னாரு" என்றார் ஆல்பின்.

தைரா சிரித்தாள். ருனாருக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சகத்தார் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அதிகாரிக்கு என்னதான்யா வேணும்? நாளைக்கு இது வரலைன்னா எங்க பொழப்பே போச்சு."

ஆல்பின் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நான் சொன்னதா இருக்க வேண்டாம் ஐயா. எங்க அதிகாரி வேற பேர்ல உங்க பத்திரிகைக்கு மூணு ஜோக்கு அனுப்பினாரு, மூணையும் 'சிரிப்பு வரலை'ன்னு எழுதித் திருப்பிட்டீங்களாமே. இது நாலாவது, சரியா ஒரு பக்கம் வரும்."