ஆறடியாரின் கோல்

வட்டகொடைக்கு மேலே உள்ள மலைகளில் ஆறடியார் அளக்காமல் விட்டது மேகத்தை மட்டும்தான். அதுவும் அது ஓரிடத்தில் நிற்காததால்.

ஆள் நாலே முக்கால் அடி. கையில் ஆறடிக் கோல். மழைநீர் ஓடத் தேயிலைச் சரிவில் கான் வெட்டுவது தொழில். அளக்காத மண்ணில் மண்வெட்டி வைக்கக் கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். ஆறடியார் அந்தச் சட்டத்தைக் கல்யாணப் பந்தி வரைக்கும் கொண்டுபோனார். இலைக்கு இலை இடைவெளி சரியில்லை என்று ஒருமுறை மாப்பிள்ளையையே எழுப்பிவிட்டார்.

மலையுச்சியை வளைத்து ஒரு மண்கரை கிடந்தது. அதையொட்டிப் பள்ளம்.

“இது மலை போட்ட மடிப்பு இல்ல தம்பி. தேயிலைக்கெல்லாம் முந்தி மனுசன் வெட்டுனது. வெட்டுன மண்ண மேல போட்டு மிதிச்சிருக்கான் பாரு. நம்ம தொழில்காரன்!” என்று கூடக் கான் வெட்டும் எனக்குக் காட்டினார் ஆறடியார்.

தொல்பொருள் காரியாலயத்துக்கு என் கையால் பதினொரு கடிதம் எழுதவைத்தார். கடைசியில் பதில் வந்தது: வெள்ளிக்கிழமை ரயிலில் அதிகாரி வருகிறார்.

வெள்ளிக்கிழமை, ரயிலுக்கு முன்பே மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்துவிட்டது. உச்சியில் ஹோட்டல் கட்டப் போகிறார்களாம்; கரையை நிரவ வேண்டுமாம்.

ஆறடியார் அதன் முன்னால் போய் நின்றார். “அளந்தாச்சா?”

சாரதி தோட்டத்துப் பிள்ளை. தலையைச் சொறிந்தான். “இல்லீங்க மாமா.”

“அளக்காமலா கொத்துவ? உங்கப்பனும் கான் வெட்டுன ஆளுதானடா!”

இயந்திரம் அணைந்தது. கோல் கரைமீது புரளத் தொடங்கியது. குனிந்தவாக்கில் என் காதில் சொன்னார்: “நூறு நெருங்குறப்ப ஏதாச்சும் கேளு.”

தொண்ணூற்றாறில் கேட்டேன். “அண்ணே, மணி என்னங்க?”

“போச்சு! கணக்கக் கலைச்சுப்புட்டியே, பாவி!” மறுபடியும் ஒன்றிலிருந்து.

அடுத்த முறை, மழை வருமா என்று கேட்டேன். மூன்றாம் முறை, ஹோட்டல் வேலையை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று என் வாயையே பார்த்தார். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. ஆறடியார் நிமிர்ந்தார்.

“என்னா தம்பி, இன்னும் ஒண்ணும் கேக்கலியே?”

“ஸ்டார்ட் பண்ணுடா!” என்று கத்தினார் கொந்தராத்துக்காரர்.

வாளி உயர்ந்தது. ஆறடியார் கோலை அணைத்தபடி கரையில் நீட்டிப் படுத்தார். இரும்புப் பற்கள் அவர் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன. பனி ஏறி வந்து எல்லோரையும் ஒரே போர்வையில் சுற்றியது.

“ஏலாது மொதலாளி,” என்று சாரதி சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினான்.

கீழே ரயில் கூவியது. அதிகாரி ஏறி வர முக்கால் மணி நேரம். அதுவரை ஆறடியார் எழவில்லை.

“எவ்வளவு நீளம்?” என்றார் அதிகாரி, மூச்சிரைக்க.

“நூத்தி நாப்பத்திரெண்டு கோல், ஒரு சாண்,” என்றார் ஆறடியார், படுத்தபடியே.

இப்போது அங்கே தொல்பொருள் காரியாலயத்தின் பலகை நிற்கிறது: மண்ணைத் தோண்டுவது குற்றம். ஆறடியார் தினமும் ஏறுகிறார். கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல மண்வெட்டியைப் பலகைக்கு வெளியே விட்டுவிட்டுப் போகிறார். நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருக்கிறேன். அதை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.