நாட் அண்ணனும் எட்டு வீட்டுக்கு ஒரே விலாசமும்

எங்கள் தீவின் லம்பா லைன் பகுதியில் இணையம் வேலை நிறுத்தம் செய்யும். நாட் அண்ணனின் வாய் மட்டும் ஒருநாளும் செய்ததில்லை. நடராஜன் என்ற பெயரைத்தான் அப்படிச் சுருக்கிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. எங்கள் கட்டடத்தின் எட்டு வீடுகளையும் ஒரே இணைப்பில் கோத்துவிட்டு, 'நாட்' (NAT) என்கிற அந்த விலாச மாற்று ஏற்பாட்டை ஓயாமல் விளக்கியதால் அதுவே அவர் பெயராகிவிட்டது.

பால் வாங்கி வருபவரைக்கூட விடமாட்டார்.

"அரே பாய், கேளு. எட்டு வீட்டுக்கும் வெளியில இன்டர்நெட்டுக்கு ஒரே அட்ரஸ். நீ ஏதாவது கேட்டா, ரவுட்டர் உன் அட்ரஸை எடுத்துட்டுத் தன் அட்ரஸைப் போட்டு அனுப்பும். கேட்டது யாருன்னு ஞாபகம் வச்சு, பதிலை உன் போனுக்கே தள்ளும். சமஜா, புரிஞ்சுதா?"

"சரிண்ணே, பால் திரிஞ்சிடும்."

"கேக்காமலே ஒண்ணு வந்தா? யாருக்குன்னு தெரியாது. வெளியே துரத்திடும்!" என்று கையை வீசுவார். ஒருமுறை அந்த வீச்சில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கும் பிஸ்வாஸ் பாபுவின் முட்டைத் தட்டு பறந்தது.

மாடிவீட்டுச் செல்விக்கு மெயின்லேண்ட் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலைக்கு வீடியோ நேர்காணல் வந்தது. நேரம் நெருங்கும்போது அந்த வீடியோ தளம் திறக்கவில்லை. கொட்டும் மழையில் மொபைல் சிக்னலும் இல்லை. விசாரித்தால், பிஸ்வாஸ் பாபு காலையிலிருந்து அதே தளத்தில் தப்புத் தப்பாகப் பாஸ்வேர்ட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். திருடன் என்று நினைத்துத் தளம் எங்கள் பொது விலாசத்தையே தடுத்துவிட்டது.

"யாத் நஹி ஆயா, பாய், மறந்துபோச்சு" என்று தலையைச் சொறிந்தார் பாபு.

"நான் ஒண்ணுமே பண்ணலியே அண்ணே!" செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதாம்மா இதுல இருக்கிற வம்பு. வெளியிலேருந்து பாத்தா நாம எட்டு வீடும் ஒரே ஆளு" என்றவர், விளக்கத்தைப் பாதியில் நிறுத்தினார். சரித்திரத்தில் முதல்முறை. "சலோ, கிளம்பு!"

லுங்கியோடு ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் பாலித்தீனில் சுற்றிய லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செல்வி. பக்கத்துப் பகுதியான பத்துபஸ்தியில் அவருடைய நண்பர் வீட்டில் தனி இணைப்பு இருந்தது. அங்கே போனதும் நேர்காணலில் சத்தம் கேட்கக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினார். விசிலடிக்கப் போன குக்கரையும் அணைத்தார்.

"சோறு வேகலியே!" என்றார் வீட்டுக்காரம்மா.

"பொண்ணுக்கு வேலை ஆகட்டும்மா, அப்புறம் சோறு ஆகட்டும்."

வேலை ஆயிற்று. அண்ணன் அதோடு விடவில்லை. இணைப்புக் கொடுத்தவர்களை விடாமல் நச்சரித்து, புதுவகை நீள விலாசங்களை வாங்கிவிட்டார். இப்போது அந்த வகை விலாசத்தை ஏற்கும் தளங்களில் எங்கள் ஒவ்வொரு போனுக்கும் சொந்த விலாசம்.

செல்வியை வழியனுப்பக் கப்பல் கிளம்பும் ஜெட்டிக்குப் போனோம். கப்பல் புள்ளியான பிறகும் அண்ணன் கையசைத்துக்கொண்டே நின்றார்.

"மழை வருது, போலாமாண்ணே?"

"நீ போ. அந்தப் புள்ள இன்னும் பாத்துக்கிட்டிருக்கும்."

குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.