என் காதுக்கு வைத்த பரீட்சை

வீட்டின் பின்னறை யாருக்கு என்பதை அன்று என் காது தீர்மானிக்க வேண்டியிருந்தது.

எனக்கு அது பாட்டுக் கேட்கும் அறை. என் மனைவிக்கோ அது தையல் மெஷின் போட வேண்டிய அறை. கணினியில் பாட்டின் ஒலித்தரத்தை ‘மிக உயர்ந்தது’ என்று வைத்துத்தான் கேட்பேன். ‘குறைந்தது’ என்றால் எனக்குக் காது வலிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

“அப்படியா? சுவரைப் பார்த்து உட்காருங்க,” என்றாள் மனைவி. “நான் தரத்தை மாத்தி மாத்தி வைக்கிறேன். எதுன்னு சரியாச் சொல்லிட்டா அறை உங்களுக்கு. ஒண்ணு தப்பினாலும் மெஷின் உள்ள வரும்.”

“மாமா, கழுத்து திரும்பக் கூடாது!” என்றான் மைத்துனன். நடுவராம்! அவள் தம்பியே நடுவர்!

“காது இருக்கும்போது கழுத்து எதுக்குடா?”

இது உங்களோடு இருக்கட்டும்: உயர்ந்ததற்கும் குறைந்ததற்கும் எனக்கு எள்ளளவும் வித்தியாசம் தெரியாது. ஆனால் என் முன்னால் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அதன் கண்ணாடியில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மனைவியின் தோளும், தோளுக்கு மேலே கணினித் திரையும் பளிச்சென்று தெரிந்தன.

பாட்டு ஆரம்பித்தது. திரையில் அம்புக்குறி தரப் பட்டியலின் உச்சிக்குப் போனது. உடனே சொல்லிவிடக் கூடாது. புருவத்தைச் சுருக்கினேன்.

“ஆகா! வயலின் தனியா இழையுது. மிக உயர்ந்தது!”

“சரி,” என்றாள்.

அம்புக்குறி அடிக்கு இறங்கியது.

“ஐயோ, மத்தளமா தகர டப்பாவா? குறைந்தது!”

“சரி. கடைசி ஒண்ணு.”

இந்த முறை அவள் தோள் திரையை மறைத்துவிட்டது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

“என்ன மாமா, காது தூங்கிடுச்சா?”

“சும்மா இருடா! ரசிக்கிறேன்!”

அந்த நேரம் அவள் முடியை ஒதுக்கச் சாய்ந்தாள். அம்புக்குறி நடுவில் நின்றது.

“நடுத்தரம்!” என்று கத்தினேன். அறை என்னுடையது!

மனைவி நிதானமாகப் பாட்டை நிறுத்தினாள்.

“இது ஏற்கெனவே கணினியில இறக்கி வெச்ச பாட்டுங்க. அந்தத் தரமெல்லாம் இணையத்துல இருந்து வர்ற பாட்டுக்குத்தான். நான் எங்க அழுத்தினாலும் இதுல ஒண்ணும் மாறாது. இவ்வளவு நேரம் நீங்க கேட்டது ஒரே சத்தம்.”

“மாமா, அந்தத் தகர டப்பா எங்க?” மைத்துனன் தரையில் உருண்டான்.

“அப்ப நான்... எப்படி எல்லாம் சரியா...”

“அந்தப் படத்தைக் காலையில நான்தான் துடைச்சு வெச்சேன். நல்லாத் தெரிஞ்சுதா?”

மெஷினின் கனமான பக்கத்தை நான் தூக்கினேன்.