ரிஜெக்ட் மாமாவின் கவுன்ட்டர்

உலகத்தில் உள்ள நாடுகளை இரண்டே வகையாகப் பிரிக்கலாம். ரிஜெக்ட் மாமாவுக்கு விசா மறுத்த நாடுகள் ஒன்று. ரிஜெக்ட் மாமா இன்னும் விண்ணப்பம் போடாத நாடுகள் மற்றொன்று. மூன்றாவதாக ஒரு வகை இருப்பதாக ஆவூர்ப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் தெருமுனையில் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை, சொந்தம் எதுவும் இல்லாமலே ஊருக்கெல்லாம் மாமாவான அவருடையது. தொழில் நன்றாகவே நடந்தது. அவர் வெளிநாடு போக ஆசைப்பட்டது சம்பாதிக்க அல்ல, சும்மா பார்த்துவிட்டு வர. ஊரில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்தார்கள். அத்தனை பேர் கல்யாணத்துக்கும் சேர் போட்ட மனிதர், தான் மட்டும் திருச்சி ஏர்போர்ட் வாசலைத் தாண்டவில்லையே என்று நினைத்தார். அதில் ஆரம்பித்தது.

முதலில் சென்னைக்குப் போய் அமெரிக்க விசாவுக்கு நின்றார். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். "சும்மாதாங்க" என்றார். திரும்பி வருவீர்களா என்று கேட்டார்கள். "புடிச்சிருந்தா யோசிக்கணும்" என்றார். அவ்வளவுதான், அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டார். ஏன் மாமா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டவர்களிடம், "ஆபீசர்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா?" என்று திருப்பிக் கேட்டார்.

இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தபோது, சொந்த ஊரில் உங்களைப் பிடித்து வைத்திருப்பது எது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். மாமா போட்டோக்கள் வைத்தார். முதலில் ஆடுகள். அடுத்தது கடை. அதற்கடுத்து, கொல்லையில் நிற்கும் முருங்கை மரம். கடைசியில் அவர் மனைவி லூர்து அத்தை. இங்கிலாந்து மறுத்ததைவிட, அந்த வரிசையைப் பார்த்துவிட்டு லூர்து அத்தை பேசாமல் இருந்த நாட்கள்தான் மாமாவுக்குப் பெரிய கஷ்டம்.

எந்த நாடு மறுத்தாலும் அவருக்குக் கோபம் வராது. நன்றி தெரிவித்துப் பதில் எழுதுவார். "தங்கள் முடிவை மதிக்கிறேன். தாங்கள் இந்தப் பக்கம் வந்தால் எங்கள் ஊர்ப் பாஸ்காவுக்கு அவசியம் வரவும். தங்க இடம் உண்டு." பாஸ்கா என்ற ஏசு நாடகத்தைப் பார்க்க எந்தத் தூதரகத்திலிருந்தும் யாரும் வரவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் முன்வரிசையில் இரண்டு குஷன் சேரை மாமா காலியாக வைத்திருப்பார்.

இத்தனை நாடுகளிடம் அனுபவப்பட்டவர் சும்மா இருப்பாரா? கடையின் ஜன்னலையே கவுன்ட்டர் ஆக்கிவிட்டார். வெளிநாடு கிளம்புகிற யாராக இருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே அண்டாக்களுக்கு நடுவில் மாமா ஆபீசராக உட்கார்ந்து கேள்வி கேட்பார். கடைசியில் எல்லோரையும் தவறாமல் ரிஜெக்ட் செய்வார். "எங்கிட்ட வாங்கிட்டா அங்கிட்டுப் போயி வாங்க மாட்டீங்க" என்பது அவர் கணக்கு. அவர் மறுத்தவர்களில் பெரும்பாலோருக்கு விசா கிடைத்தும்விட்டது. அதனால் கீரனூரிலிருந்துகூட ஆட்கள் ரிஜெக்ட் வாங்கிக்கொண்டு போக வந்தார்கள்.

இந்தக் கவுன்ட்டரில் நானும் ஒருநாள் குடும்பத்தோடு நிற்க வேண்டி வந்தது.

நான் கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மாரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணைக் காதலித்து, எங்கள் ஊர்க் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டேன். எங்கள் ஊர் அவளை ஒரே நாளில் மாரிச்செல்வி ஆக்கிவிட்டது. அவளும் மறுக்கவில்லை. மகள் கிளாரா பிறந்ததும் முதலில் வளர்ந்ததும் பிலிப்பைன்ஸில், மாரிசெலின் அம்மா வீட்டில். அதனால் அவளுக்கும் அந்த ஊர் பாஸ்போர்ட்தான். கத்தாரில் என் கம்பெனி ஆட்களைக் குறைத்ததும் மூன்று பேரும் ஊருக்கு வந்து, காலமான என் அப்பாவின் வீட்டில் குடியேறினோம்.

வெளிநாட்டவர் நீண்ட நாள் தங்கினால் மாவட்டப் போலீஸ் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், பிறகு அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆனதும், அதைப் புதுப்பிக்க மாரிசெலையும் கிளாராவையும் அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். ஆபீசர்களோடு பழகியவர் என்ற உரிமையில் மாமாவும் கூடவே வந்தார். அங்கே உட்காரச் சொன்னார்கள். கிளாரா மாமாவின் வேட்டியை இழுத்து, "தாத்தா, இங்கிட்டு ஃபேன் ஓடல. அங்கிட்டுப் போயி ஒக்காருவமா?" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பாப்பாவா ஃபாரினர்?"

"பாஸ்போர்ட் அப்படித்தாங்க சொல்லுது. நாங்க இன்னும் நம்பல" என்றார் மாமா.

ஆனால் விஷயம் சிரிப்பாக மட்டும் இல்லை. அவர்கள் இருவரின் விசாவையும் இப்படி அவ்வப்போது நீட்டிக்க வேண்டும். மாரிசெல் இங்கே நர்ஸாக வேலை பார்க்கவும் வழியில்லாமல் இருந்தது. எங்கே போய் நிலையாக இருப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். மாமா கடைக்கு முன்னால் மூன்று பிளாஸ்டிக் சேரை வரிசையாகப் போட்டார்.

"இது இந்தியா. இது பிலிப்பைன்ஸ். இது மூணாவதா ஒரு நாடு. ஒவ்வொண்ணா பேசுவோம்."

இந்தியாவில் இருந்தால், கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் மாரிசெலுக்கும், என் மகள் என்பதால் கிளாராவுக்கும், வெளிநாட்டவர் இங்கே காலம் முழுவதும் தங்க உதவும் ஓசிஐ கார்டு கேட்கலாம் என்றேன். மாமா யோசித்தார்.

"ஓசியாவா குடுக்குறாய்ங்க?"

"இல்ல மாமா. பணம் கட்டணும்."

"அப்பறம் எதுக்கு ஓசின்னு பேரு வச்சாய்ங்க?"

அதை விளக்குவதற்குள் டீ ஆறிவிட்டது. பிலிப்பைன்ஸ் என்றால், மாரிசெலின் கணவன் என்ற முறையில் எனக்கு அங்கே தங்க விசா கிடைக்கும். ஆனால் அவள் ஊரில் இருப்பவர்களே வேலை தேடி வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சேர் நியூசிலாந்து. அங்கே ஒரு சின்ன ஊரின் முதியோர் இல்லத்தில் மாரிசெலுக்கு நர்ஸ் வேலை உறுதியாகியிருந்தது. அவள் பேரில் விண்ணப்பித்தால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. கணவன் என்று நானும் மகள் என்று கிளாராவும் அதில் சேர்ந்துகொள்ளலாம்.

"அப்ப நீ பொண்டாட்டி விசாவுல போறியா மாப்ள?"

"ஆமா மாமா."

"நல்லதுதான். நானும் லூர்து பேருல போட்டிருந்தா கெடச்சிருக்கும்."

உள்ளேயிருந்து லூர்து அத்தையின் குரல் வந்தது. "நான் ஒங்களக் கூட்டிட்டுப் போவேன்னு யாரு சொன்னது?"

மாமாவுக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. பிற்காலத்தில் அந்த ஊர்க் குடியுரிமை வாங்கினால் என்ன ஆகும்? நான் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், மாரிசெல் ஓர் உறுதிமொழி எடுத்தால் அவளுடைய பழைய குடியுரிமையையும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்ப வீட்டுல ஒனக்கு மட்டுந்தான் ஒண்ணா? பரவால்ல, அப்ப நீ ஓசி கார்டு வாங்கிக்க" என்றார். அவ்வளவு குழப்பத்துக்கு நடுவிலும் அந்த ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்தார்.

விண்ணப்பித்தோம். மாரிசெலின் படிப்பிலும் வேலையிலும் கேள்வியே எழவில்லை. சிக்கியது நான்தான். நாங்கள் உண்மையிலேயே கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்கிறோமா என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். கத்தாரில் அவள் நர்ஸ் விடுதியில் இருந்தாள், நான் கம்பெனி கேம்பில் இருந்தேன். இங்கே வீடு அப்பா பேரில், கரண்டு பில்லும் அப்பா பேரில். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பேங்க் கணக்குகூடக் கிடையாது.

"புள்ள இருக்கே. அதவிட என்னய்யா ஆதாரம்?" என்று மாமா கொதித்தார். அவர் கொதித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தன்னை மறுத்த நாடுகளுக்கெல்லாம் பாஸ்கா அழைப்பு அனுப்பியவர், எங்களைச் சந்தேகப்பட்டதைத் தாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு ஆபீசர் போனில் கூப்பிட்டு இருவரிடமும் தனித்தனியாகப் பேசுவார் என்று தகவல் வந்தது. பதில்கள் பொருந்தாவிட்டால் மாரிசெலும் கிளாராவும் மட்டும் போகலாம், நான் இங்கேயே இருக்க வேண்டியதுதான். மாமா கவுன்ட்டரைத் திறந்தார்.

என்னை ஜன்னலுக்கு வெளியேயும் மாரிசெலைப் பின்கட்டிலும் நிறுத்தி, அங்கேயும் இங்கேயும் ஓடி ஓடிக் கேள்வி கேட்டார். கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது? அவளுக்குப் பிடிக்காத காய் எது? எல்லாம் பொருந்திவந்தது. அதோடு விட்டிருக்கலாம். மாமா விடவில்லை. "சண்டை வந்தா மொதல்ல எறங்கி வந்து பேசுறது யாரு?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். பின்கட்டில் மாரிசெலும் "நான்தான்" என்று சொல்லியிருக்கிறாள். மாமா இரண்டையும் சேர்த்துவைத்து அறிவித்ததும் மாரிசெல் என்னைப் பார்த்தாள். "நீயா? எப்போ?" என்று தமிழிலேயே கேட்டாள். போன கிறிஸ்துமஸ் சண்டையை நான் சொன்னேன். அதற்கு முந்தைய சண்டையை அவள் சொன்னாள். வீடு போய்ச் சேர்வதற்குள் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே பெரிய சண்டை மூண்டுவிட்டது. யார் முதலில் சமாதானம் ஆவது என்பதுதான் சண்டையே என்பதால், இரண்டு பேரும் இறங்கி வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் மனசு கேட்கவில்லை. மணமேல்குடியிலிருந்து வரும் மீன் வண்டி காலையிலேயே மெயின் ரோட்டில் வந்து நிற்கும். அவளுக்குப் பிடித்த மீன் வாங்கி வந்து பேசிவிடலாம் என்று மாமாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் கரண்டு இல்லாததால் என் போன் மாமா கடை இன்வெர்ட்டரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. நியூசிலாந்தில் அப்போது மதியம்.

போன் அடித்தது. மாமா எடுத்தார்.

நடந்ததை லூர்து அத்தை சொல்லித்தான் தெரியும். இமிக்ரேஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் மாமா எழுந்து நின்று சட்டைப் பட்டன்களைப் போட்டிருக்கிறார். ஒரு பெண் ஆபீசர். நான் இருக்கிறேனா என்று கேட்டிருக்கிறார். ஆபீசரிடம் பொய் சொல்ல மாமாவுக்கு வராது.

"நோ மேடம். ஹி கோ ஃபிஷ்."

"மீன் பிடிக்கவா?"

"நோ நோ. ஃபிஷ் வாங்க. ஒய்ஃப் ஆங்க்ரி. நைட்டு ஃபுல்லா ஃபைட். ஃபிஷ் ஈஸ் ஸாரி."

எதற்காகச் சண்டை என்று ஆபீசர் கேட்டிருக்கிறார். லூர்து அத்தை, "வாய மூடிட்டுப் போன வைங்க" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். மாமா, "மேடம் கேக்குறாங்கள்ல" என்று சொல்லிவிட்டு முழுவதையும் விளக்கியிருக்கிறார். "ஃபைட் ஃபார் ஹூ ஸ்டாப் ஃபைட், மேடம்."

நான் மீனோடு வந்து இறங்கியபோது மாமா ஆபீசருக்கு ஊர்ப் பாஸ்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். போனை என்னிடம் நீட்டி, "ஒனக்குத்தான் மாப்ள. எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார். உலகத்தில் உள்ள எல்லா நாடுகளும் கதவைச் சாத்திய ஒரு மனிதர் எனக்காகப் பேசியிருக்கிறார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

ஆபீசர் நிதானமாகக் கேட்டார். மாரிசெலின் குடும்பம், வேலை, கிளாரா பிறந்தது என்று எல்லாம் சொன்னேன். கடைசியாக, "உங்கள் வீட்டில் சண்டை வந்தால் முதலில் பேசுவது யார்?" என்றார். "நான்தான். கையில் மீன் இருக்கிறது" என்றேன்.

அடுத்து வீட்டில் இருந்த மாரிசெலை அவள் போனில் கூப்பிட்டார்கள். நான் வீட்டுக்கு ஓடிவந்து வாசலில் மீன் பையோடு நின்றேன். உள்ளேயிருந்து அவள் குரல் ஏறியது. இந்த மனிதர் ஒருநாளும் முதலில் இறங்கி வந்ததில்லை, எப்போதும் நான்தான் என்று ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று நின்றுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் போனை வைத்துவிட்டு வெளியே வந்து, என் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"மீன் வாங்கினாயா? அந்த ஆபீசர்தான் சொன்னாள்" என்றாள்.

இருவருமே பேசிவிட்டதால் முதலில் பேசியது யார் என்பது இன்றுவரை தீரவில்லை.

மாமா அதன்பிறகு பல நாள் கடைக்கு வெளியே வரவில்லை. கவுன்ட்டர் ஜன்னலையும் சாத்திவிட்டார். "நான் பேசுனதால ஒன் குடும்பம் பிரிஞ்சா என்னய்யா பண்ணுவேன்?" என்றார். அப்படியெல்லாம் ஆகாது என்று நான் சொன்னேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை. மாரிசெல் மட்டும் தினமும் அவருக்கு மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்து, "மாமா, விசா வரும். சாப்பிடுங்க" என்றாள்.

வந்தது. மூன்று பேருக்கும் வந்தது. செய்தியைச் சொல்ல ஓடினேன். மாமா கும்பா ஒன்றைத் துலக்கிக்கொண்டிருந்தார். கும்பாவைக் கீழே வைத்துவிட்டு, கிளாராவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். எதிர்ப்பட்ட எல்லோரிடமும், "கெடச்சிருச்சு, எங்களுக்குக் கெடச்சிருச்சு" என்றார்.

நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்த புதிதில் கிளாராவைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். அலுவலகத்தில் இருந்த பெண் எங்கள் விவரங்களைக் கேட்டுக் கணினியில் தட்டினார். சொந்த ஊரில் நெருங்கிய உறவினர் ஒருவர் பெயர் வேண்டும் என்றார். அப்பாவும் அம்மாவும் இல்லாத நான் யாரைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாரிசெல் ஒரு பெயரைச் சொன்னாள். எழுத்து எழுத்தாகக் கூட்டியும் சொன்னாள். அது ரிஜெக்ட் மாமாவின் ஞானஸ்நானப் பெயர் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட அவரிடம் கேட்காத பெயர்.

என்ன உறவு என்று அந்தப் பெண் கேட்டார்.

"என் மாமனார்" என்றாள் மாரிசெல்.

நான் திருத்தவில்லை.