யானை செய்த கேமும் அதைச் சுருக்கிய எறும்பும்

ஒரு காட்டில், அதுவும் செல்போன் டவர் முளைத்துவிட்ட ஒரு காட்டில், ஏகாம்பரம் என்ற யானை கேம் கம்பெனி நடத்தி வந்தது. அதன் புகழ்பெற்ற கேம் ‘துரத்து 7’. மான் புலியைத் துரத்த வேண்டும், அவ்வளவுதான். ‘துரத்து 6’இலும் மான் புலியைத்தான் துரத்தியது. ஆனால் ஆறாவது நூறு ஜிபி, ஏழாவது இருநூற்று அறுபது ஜிபி. இதற்குக் கம்பெனி வைத்த பெயர் வளர்ச்சி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கேமைப் பதிவிறக்க ஆரம்பித்தால், அக்கம்பக்கத்தார் வாழைப்பழத்தோடு போய் விசாரிக்க வேண்டும்.

“எத்தனை பர்சென்ட் மாமா?” என்று முயல் கேட்கும்.

“பதினெட்டுடா. நேத்தும் பதினெட்டுதான்” என்று காட்டுப்பன்றி மாசிலாமணி பெருமூச்சு விடும். “இடம் பத்தலைன்னு கல்யாண போட்டோவெல்லாம் அழிச்சுட்டேன்.”

“அத்தை ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னா. அவ பாட்டு பாடின வீடியோ ஒண்ணு இருந்துச்சு, அதையும் அழிச்சேன்.”

இப்படி ஐந்து நாள் காத்திருப்பார்கள். கம்பெனியை வாய் வலிக்கத் திட்டுவார்கள். ஆறாம் நாள் அரை மணி நேரம் ஆடிவிட்டுக் குறட்டை விடுவார்கள். காத்திருப்பதும் திட்டுவதும்தான் அவர்களுக்கு உண்மையான விளையாட்டு. இது அவர்களுக்குத் தெரியாது. எடுத்துச் சொல்லியிருந்தால் கடித்திருப்பார்கள்.

புகார்கள் மலைபோல் குவிந்ததும் ஏகாம்பரம் ஊழியர்களைக் கூட்டியது. “இந்த கேமோட சைஸை யார் குறைச்சுக் காட்டுறாங்களோ, அவங்களுக்கு வேலை பர்மனென்ட்” என்று அறிவித்தது.

அங்கே மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்த்த எறும்பின் காது விடைத்தது. அதன் முழுப்பெயர் கோமளவல்லி. வீணாக எதையும் நீட்டுவது பிடிக்காததால் கோமு என்றே கையெழுத்துப் போடும். நிரந்தர ஊழியர்களுக்குத்தான் உயரமான மரப்பொந்தில் வீடு. ஒப்பந்தக்காரர்களுக்குத் தரையில். போன மழைக்கு வெள்ளம் வந்து கோமுவின் புற்றையே அடித்துக்கொண்டு போனது. இந்த மழைக்குள் பொந்து கிடைத்தாக வேண்டும்.

கோமு கேமைப் பிரித்துப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது. ஒரே கல்லை நானூற்றுப் பன்னிரண்டு இடத்தில் தனித்தனியாகச் சேமித்திருந்தார்கள். வசனம் பதினோரு மொழியில் இருந்தது. பதினொன்றும் எல்லார் வீட்டுக்கும் போனது. தவளை மொழிகூடப் போனது. அந்தக் காட்டில் ஒரு தவளையும் கேம் ஆடியதில்லை.

கோமு ஒரு கல்லை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் ‘மேலே சொன்ன கல்’ என்று குறித்தது. பச்சை, பச்சை, பச்சை என்று நாற்பதாயிரம் முறை எழுதியிருந்ததை ‘பச்சை, நாற்பதாயிரம் முறை’ என்று ஒரே வரியாக்கியது. மொழியை அவரவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று தனியே எடுத்து வைத்தது. இரண்டு மாத உழைப்பில் கேம் இருபத்திரண்டு ஜிபி ஆனது. ஒரு இலைகூடக் குறையவில்லை. அதே மான், அதே புலி.

வெளியீட்டு நாளன்று மாசிலாமணி காலையில் பதிவிறக்கத்தைத் தட்டிவிட்டு, பகல் முழுக்கக் குளத்தில் ஊறிவிட்டு வந்தது. முயல் பழத்தோடு வந்து சேர்ந்தது.

“எத்தனை பர்சென்ட் மாமா?”

“முடிஞ்சுடுச்சுடா.”

இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. “அப்ப பழம் எதுக்கு?” என்று முயல் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று இரவே கம்பெனி வாசலில் கூட்டம். “இருநூத்தி முப்பத்தெட்டு ஜிபியை ஆட்டையப் போட்டுட்டானுங்க!” என்று நரி கத்தியது. விமர்சனம் எழுதும் காக்கை, ‘இலைகளில் உயிர் இல்லை’ என்று எழுதியது. மாசிலாமணி அழுதே விட்டது. “என் கல்யாண போட்டோவையே அழிச்சேனே, அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?”

ஏகாம்பரம் கோமுவைக் கூப்பிட்டது.

“ஏம்மா, என் உடம்பைப் பாரு. என்னை உன் சைஸுக்குச் சுருக்கினா எவனாவது சலாம் வைப்பானா?”

“பாக்குற வேலை அதேதானே சார்?”

“வேலையா?” என்றது யானை. அதற்கு நிஜமாகவே புரியவில்லை.

பிறகு ஒரு காகிதத்தை நீட்டியது. ‘நிறுவனத்தின் பெருமைக்குக் களங்கம் விளைவித்ததால் பணிநீக்கம்.’ கீழே பெரிய முத்திரை. “போறதுக்கு முன்னாடி பழையபடி இருநூத்தி அறுபது ஆக்கிட்டுப் போ.”

“பழசையெல்லாம் அழிச்சாச்சு சார்.”

“எதையாவது போடும்மா. எவன் உள்ள பாக்கப் போறான்?”

வெளியே கருமேகம் கூடிவிட்டது. பொந்தும் போயிற்று, வேலையும் போயிற்று. கோமுவுக்கு ஆத்திரம் பொங்கியது. எறும்பின் ஆத்திரம் சின்னது என்று நினைப்பவர்கள் அதன் மேல் உட்கார்ந்து பார்த்ததில்லை. கையில் எது இருந்ததோ அதையே போட்டது. அந்தப் பணிநீக்க உத்தரவை முத்திரையோடு இரண்டு கோடி நகல் எடுத்து கேமுக்குள் கொட்டியது. சுருக்கியிருந்தால் ஒற்றை உத்தரவின் இடத்துக்குள் ஏறக்குறைய அடங்கியிருக்கும். கோமு சுருக்கவில்லை.

மறுபடி பதிவிறக்கம் ஐந்து நாள் ஓடியது. மறுபடி வாழைப்பழம். “இப்பத்தான்டா கேம்ல ஒரு கனம் தெரியுது” என்று மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டது. ‘இலைகளுக்கு உயிர் திரும்பிவிட்டது’ என்று காக்கை எழுதியது. யார் கணினியிலும் வேறு கம்பெனியின் கேமுக்கு இடமே மிஞ்சவில்லை.

ஏகாம்பரம் பூரித்துப்போய்க் கோமுவைத் தேடிப் பிடித்து, தலைமை நிரப்பு அதிகாரி ஆக்கியது. வேலை பர்மனென்ட். உச்சிக்கிளையில் பொந்து.

“அந்த டிஸ்மிஸ் ஆர்டர் சார்?” என்றது கோமு.

“ரத்து.”

“எங்கேன்னு சார் ரத்து பண்றது? வீட்டுக்கு ரெண்டு கோடி இருக்கே.”

“கிடந்துட்டுப் போகட்டும். ‘துரத்து 8’க்கு நாலு கோடியா போட்டுடு.”

கோமு சரி என்று தலையாட்டியது. அன்று முதல் அது தன் பெயரைக் கோமளவல்லி என்று முழுசாக எழுதுகிறது. போதாதென்று முன்னால் மூன்று இனிஷியலும் சேர்த்துக்கொண்டது.

நீதி: கச்சிதமாக வேலை செய்தால் வீட்டுக்குப் போகச் சொல்லி ஒரு காகிதம் கிடைக்கும்; அதையே இரண்டு கோடி நகல் எடுத்து இடத்தை அடைத்தால் வீடே கிடைக்கும்.