வடிவாம்பாள் டீச்சரின் அமைதியான வகுப்பு

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. இதை ஒழுங்காகச் சொல்லி முடிக்க வேண்டுமே என்று எனக்கு இப்போதே கவலையாக இருக்கிறது. நடுவில் இங்கிலீஷ் வேறு வருகிறது. பாதியில் படிப்பை விட்டவள் சொன்னால் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடும், படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அங்கே படித்தவர்கள் செய்ததைவிடச் சிரிப்பாக நான் ஒன்றும் சொல்லிவிட முடியாது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வடிவாம்பாள் என்கிற கௌதாரி இங்கிலீஷ் நடத்த வந்தாள். வேலைக்கு அல்ல, பயிற்சிக்கு. பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறவர்கள் இப்படிச் சில வாரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஓணான் இரண்டு முறை வந்து பார்த்து மார்க் போடுவார். அதில் தேறினால்தான் சான்றிதழ். தேறாவிட்டால் அடைகாத்துக்கொண்டு வீட்டோடு கிடக்க வேண்டியதுதான் என்று மாமியார் கௌதாரி சொல்லி அனுப்பியிருந்தது.

வகுப்பு டீச்சரான எருமை அவளைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய்ப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுக் குட்டைக்குப் போனது. பயிற்சி முடியும் வரை அது திரும்பி வரவில்லை.

கல்லூரியில் அவளுக்கு நிறையச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கம்பைத் தொடக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது. முக்கியமாக, இங்கிலீஷ் வகுப்பில் காட்டுமொழியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் குரங்குக்குட்டி இருக்கும் வகுப்பில் ஒரு நாள்கூட நின்றதில்லை.

முதல் நாளே குரங்குக்குட்டி எழுந்து, "மிஸ், நீங்க நெசமான மிஸ்ஸா, ட்ரெயினிங் மிஸ்ஸா?" என்று கேட்டது.

ட்ரெயினிங் என்றாள்.

"அப்ப சரி," என்று அது பெஞ்சின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

அவள் பாடத்தைத் தொடங்கினாள். நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்பதை இங்கிலீஷில், "ரிப்பீட் ஆஃப்டர் மீ," என்றாள். எலிக்குஞ்சுகளும் அணில்குட்டிகளும் அதையே திருப்பிச் சொன்னார்கள். அதன்பின் அவள் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொன்னார்கள். சத்தம் தாங்காமல், "கீப் கொயட்," என்று கத்தினாள். மொத்த வகுப்பும், "கீப் கொயட்," என்று அவளைவிட ஓங்கிக் கத்தியது. பேசாம இருங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். அதைத்தான் சொல்லக் கூடாதே.

ஓணான் முதல் முறை பார்க்க வந்த அன்றும் இதே கூத்துதான். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டினார். ஓணான் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவரும் பிள்ளைகளின் பங்கேற்பு நன்று என்று எழுதினார்.

அப்போது சாரைப்பாம்பு ஒன்று எலிவாசம் பிடித்து வாசல் வழியாக உள்ளே வந்தது.

வடிவாம்பாள் அலறத்தான் வாயைத் திறந்தாள். ஆனாலும் விதி நினைவுக்கு வர, "ஸ்நேக், ரன்," என்றாள். வகுப்பு உற்சாகமாக, "ஸ்நேக், ரன்," என்றது. ஒரு பிள்ளைகூட நகரவில்லை. மறுபடியும் கத்தினாள். இன்னும் அழகாகத் திருப்பிச் சொன்னார்கள். ஓணான் உச்சரிப்புக்குத் தனியாக மார்க் போட்டார். பாம்பு முதல் பெஞ்சு எலிக்குஞ்சின் வாலை எட்டிவிட்டது.

"ஏலே, பாம்புலே. ஓடுங்கலே," என்று அலறிவிட்டாள்.

கண் இமைக்கும் நேரத்தில் வகுப்பு காலி. ஓணான் உத்தரத்தின் மேல் இருந்தார். பாம்பு வெறுவாயோடு போன பிறகும் அவர் கீழே இறங்கவில்லை.

"காட்டுமொழியில பேசிட்டீங்களேம்மா," என்றார்.

"பாம்பு வந்துச்சுய்யா."

"வரட்டுமே. இது என்ன வகுப்பு?"

"இங்கிலீஷ் வகுப்புய்யா."

"அப்ப எது வந்தாலும் இங்கிலீஷ்லதான் சமாளிக்கணும்." போட்ட மார்க்கையெல்லாம் அடித்துவிட்டு, வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று எழுதினார். அடுத்த வாரமும் இப்படியானால் பெயில்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வடிவாம்பாள் ஒற்றையடிப்பாதையில் அழுதுகொண்டே போனாள். சாரை வழிமறித்தது. வாய்க்கு எட்டியதைக் கெடுத்துவிட்டாயே டீச்சரம்மா என்று வருத்தப்பட்டது. அவள் பறந்து போயிருக்கலாம். போகவில்லை. மார்க் நினைப்பிலேயே இருந்தவளுக்கு வேறு எதுவும் பயமாகத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, நீங்க நம்ம வகுப்புல சேந்துக்கிடுதீகளா? சும்மா உக்காந்திருந்தாப் போதும். மத்தியானம் சத்துணவுல முட்டை உண்டு."

யார் முட்டை என்று சாரை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் வருகைப் பதிவேட்டில் சாரையின் பெயர் ஏறியது. முதல் பெஞ்சு முழுவதும் அதற்கே. அன்றிலிருந்து வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. குரங்குக்குட்டி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு எலிக்குஞ்சு இரண்டு நாளாக வரவில்லை. வடிவாம்பாள் ஆப்சென்ட் போட்டாள். வராதவர்கள் கூடக்கூட வகுப்பு இன்னும் ஒழுங்காயிற்று.

ஓணான் வந்தார். சாரை தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறந்ததிலிருந்து ஆடிக்கொண்டிருந்த அவர் தலை அன்று ஆடவில்லை. வடிவாம்பாள் பாடம் நடத்தினாளா, சும்மா நின்றாளா என்றுகூட அவர் கவனித்திருக்க மாட்டார். முழு மார்க் போட்டுக் கையெழுத்திட்டு, பின்பக்க ஜன்னல் வழியாகவே போய்விட்டார். பிறகு கல்லூரி, காட்டிலேயே சிறந்த வகுப்பு இதுதான் என்று அறிவித்து, புதிதாகச் சேர்ந்த பயிற்சி டீச்சர்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பி வைத்தது. எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

வடிவாம்பாள் சான்றிதழை வாங்கினாள். வாங்கிய அன்றே தன் முட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்குக் குடிபோய்விட்டாள். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீதி: பாம்பைக் கண்டு கத்தியவர் பெயில், பெயர் எழுதி பெஞ்சு கொடுத்தவர் பாஸ்.