இடுப்புச் சுளுக்கும் இருட்டுக் கோட்டையும்

பொய் சொல்வதென்று ஆகிவிட்டால் ஒரே ஒரு பொய்தான் சொல்ல வேண்டும், அதையும் நன்றாகச் சொல்ல வேண்டும் என்று பல்செட்டுக்காரர் தீர்மானித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சுயமாக எடுத்த முதல் தீர்மானம் இது. அதனால் கண்ணாடி முன் நின்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடுத்தார்.

அவர் ஒரு பல் கிளினிக்கின் பின்னறையில் பல்செட்டு செய்கிறவர். மெழுகில் ஈறு பிடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து மெருகேற்றித் தருவார். தெருவில் எதிரே வந்து சிரிக்கிற பெரியவர்களில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவேலை. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மனசில்தான் ஒரு குறை இருந்தது.

பிரம்மச்சாரியாக இருந்த காலத்தில் அவர் ‘இருட்டுக் கோட்டை’ என்று ஒரு வீடியோ கேம் ஆடினார். சூரியன் உதிக்காமல் போன நாட்டில், விளக்கேற்றும் தொழிலாளி ஒருவன் காணாமல்போன தங்கையைத் தேடிப் போகிற கதை. வழியில் கூட்டாளிகளைச் சேர்ப்பான், வாள் வாங்குவான், மந்திரம் கற்பான், பூதங்களோடு மோதுவான். வேலை முடிந்த ராத்திரிகளில் மட்டும் மாசக்கணக்கில் ஆடி, கோட்டையின் கடைசிக் கதவு வரைக்கும் போய்விட்டார். விளக்குக்காரன் கதவில் கை வைத்தான். அந்த நேரம் பார்த்துக் கேம் பெட்டி புகைந்து, ஒரு தடவை விக்கி, உயிரை விட்டது.

கதவுக்குப் பின்னால் தங்கை இருந்தாளா? இருந்தால், அண்ணனை அடையாளம் கண்டுகொண்டாளா? அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்த மாதிரிப் பெட்டி அப்புறம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. முடிவை யாராவது சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார். தானே ஆடி, தானே திறந்து, தன் கண்ணால் பார்க்க வேண்டும். மனுஷனுக்கு வாழ்க்கையில் அந்த ஒரு ஆசைதான் பாக்கி.

இப்போது அதே கேமை முதலிலிருந்து புதுசாகச் செய்து வெளியிடுகிறார்கள். வருகிறது, வருகிறது என்று வருஷக்கணக்காகப் பூச்சாண்டி காட்டிவிட்டு, கடைசியில் நிஜமாகவே தேதி சொல்லிவிட்டார்கள். அதற்காகவே சத்தமில்லாமல் ஒரு புதுக் கேம் பெட்டி வாங்கி, டிவிக்குப் பின்னால் ஒளித்தும் வைத்துவிட்டார். ஒரு வாரம் லீவு கிடைத்தால் போதும்.

திட்டம் எளிமையானது. கிளினிக்கில் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று லீவு வாங்குவது. வீட்டில் மூச்சு விடாமல் இருப்பது. காலையில் வழக்கம்போல் பையோடு கிளம்பி, மனைவி ஆபீஸ் போனதும் திரும்பி வந்து ஆடுவது. சாயங்காலம் களைத்துப்போன முகத்தோடு வேலையிலிருந்து வருகிறமாதிரி வருவது. மனைவியிடம் பொய்யே சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இதில் விசேஷம். ஏனென்றால் அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பொய்யான கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கிற பிரிவில் இருக்கிறாள். எரியாத கடைக்கும் மோதாத காருக்கும் பணம் கேட்டு வருகிறவர்களை எதிரே உட்காரவைத்துப் பேசவிட்டே பிடித்துவிடுவாள். அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்று பொய் சொல்கிற தைரியம் அவருக்குக் கிடையாது.

கேம் வெளியாகிற அன்று மத்தியானம், கிளினிக் டாக்டரம்மாவிடம் போய் நின்றார்.

“டாக்டரம்மா, என் வீட்டுக்காரிக்கு இடுப்பு சுளுக்கிக்கிச்சு.”

“ஐயையோ! எப்படி தம்பி?”

கேட்டதுதான் தாமதம், ஒத்திகை பார்த்ததெல்லாம் கொட்டியது. “ஸ்டூல் மேல ஏறி ஜன்னலுக்குத் திரை மாட்டினா. நீலக் கலர் திரை. ஸ்டூலோட இடது கால் கொஞ்சம் குட்டை. அது ஆடுச்சு. இவ வலது பக்கமா சாஞ்சா. திரையைப் பிடிச்சா, திரையும் கையோட வந்துடுச்சு. ஒரு வாரம் அசையக் கூடாதாம்.”

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “போங்க தம்பி. போய் அவளைப் பாருங்க. பல்லெல்லாம் எங்கயும் போயிடாது.”

கிளினிக்கிலிருந்து நேரே கேம் கடைக்குப் போனார். வரிசை தெருமுனை வரை நின்றது. தன் வயசு ஆட்கள் வழுக்கையும் தொந்தியுமாக நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கேம் கைக்கு வரும்போது சாயங்காலமாகிவிட்டது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, விசிலடித்தபடி வீட்டுப் படியேறினார்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பை நிறையப் பழம். சோபாவில் அவர் மனைவி, இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை, முட்டிக்குக் கீழே ஒரு தலையணையாக, கண்ணை மூடி மெல்ல முனகிக்கொண்டிருந்தாள்.

அவர் விசில் பாதியில் நின்றது. உதடு மட்டும் குவிந்தபடியே இருந்தது.

“வாங்க,” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே. “டாக்டரம்மா பாக்க வந்திருக்காங்க. ஸ்டூலோட இடது கால் குட்டைங்கிறது வரைக்கும் சொல்லியிருக்கீங்களே. எம்மேல எவ்வளவு அக்கறை!”

“நான் பல்லு டாக்டர்தான்,” என்றார் டாக்டரம்மா. “ஆனாலும் சொல்றேன், இவ எந்திரிக்கவே கூடாது. சமையல், துணி, பாத்திரம் எல்லாம் நீங்கதான். நான் தினம் சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போறேன், என் வீட்டுக்குப் போற வழிதானே. அது என்ன தம்பி, சட்டைக்குள்ள?”

சட்டையை இழுத்து மூடப் போனதில் கேம் நழுவித் தரையில் விழுந்தது. அட்டையில் விளக்குக்காரன் கம்பீரமாக நின்றான்.

“நான் படுத்தே கிடந்தா பொழுது போகாதேன்னு எனக்காக வாங்கிட்டு வந்திருக்கார்,” என்று மனைவி கையை நீட்டினாள். “குடுங்க.”

குடுத்தார். வேறென்ன செய்வது?

“இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான்!” என்று டாக்டரம்மா மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

கதவு சாத்தியதும் மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“நான்தான் கதவைத் திறந்தேன். ‘நீ ஏம்மா எந்திரிச்சு வந்தே’ன்னு அலறிட்டாங்க. சரி, இவர் என்னமோ பண்ணி வச்சிருக்காருன்னு அங்கயே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டேன். ஏங்க, நிஜமா விழுந்தவங்களுக்கு எந்தக் கால் ஆடுச்சு, திரை என்ன கலருன்னெல்லாம் தெரியாது. பொய் சொல்றவங்களுக்குத்தான் அது தெரியும். தினம் பாக்கறேன்ல?”

“உண்மையைச் சொல்லியிருக்கலாமே,” என்றார் ஈனஸ்வரத்தில்.

“சொல்லியிருந்தா உங்க வேலை இருக்குமா? உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் படுத்தேன். எத்தனை நாள் லீவு?”

“ஒரு வாரம்.”

“அப்ப ஒரு வாரம் படுத்துத்தான் தீரணும்,” என்று பெருமூச்சு விட்டு, ஆபீசுக்குப் போன் போட்டுத் தானும் லீவு சொன்னாள். அவள் லீவு எடுத்து வருஷக்கணக்காகிறது. அந்தப் பக்கத்தில் சந்தோஷமாகவே கொடுத்துவிட்டார்கள். “இதை எப்படி ஆன் பண்றது? அப்படியே அடுப்புல சூப் வச்சிருங்க.”

முதல் நாள் அவள் விளக்குக்காரனைச் சுவரில் மோதவிட்டுக்கொண்டிருந்தாள். இவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்துப் பல்லைக் கடித்தார். சொந்தப் பல்தான், அதனால் சத்தம் வெளியே கேட்டது.

“இங்க குடு, ஒரு நிமிஷம் ஆடிக் காட்டறேன்.”

“ஆடுங்க. நான் எந்திரிச்சுப் போய் வெங்காயத்தைப் பாக்கறேன். டாக்டரம்மா வந்தா நீங்க பதில் சொல்லிக்குங்க.”

திரும்பி வெங்காயத்திடமே போனார். விடியற்காலையில் எழுந்து ஆடிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. எழுந்து பார்த்தால், கன்ட்ரோலர் அவள் இடுப்புத் தலையணைக்கு அடியில் இருந்தது. மெல்ல இழுத்தார். “இடுப்பு வலிக்குதுங்க,” என்று தூக்கத்திலேயே சொன்னாள்.

இரண்டாம் நாள் பழகிவிட்டாள். காட்டு வழியில் ஒரு முனிவர் வருவார். நரைத்த தாடி, கனிந்த பேச்சு, விளக்குக்கு எண்ணெய் எல்லாம் தருவார். பாதிக் கேம் தாண்டியதும் காட்டிக்கொடுத்துவிடுவார். அந்தக் காலத்தில் பல்செட்டுக்காரர் அவரை அப்பா மாதிரி நம்பி, துரோகம் தெரிந்த அன்று சாப்பிடாமல் படுத்தவர். மனைவி அந்த முனிவரின் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“இந்த ஆளு பொய் சொல்றான்.”

“யாரு? அவரா?” இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருப்பத்தை முன்னாலேயே சொல்லிவிடக் கூடாதே என்று சமாளித்தார். “அவர் எவ்வளவு நல்லவர் தெரியுமா?”

“எந்த ஊரு, எந்த மரத்தடி, என்ன மழைன்னு கேக்காமலே சொல்றான் பாருங்க. உங்க ஸ்டூல் கதை மாதிரியே இருக்கு.” எண்ணெயை வாங்கிக்கொண்டு முனிவரைக் கூட்டத்திலிருந்து விலக்கிவிட்டாள். கேமில் அப்படி ஒரு வழி இருக்கிறதென்றே இவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

சாயங்காலங்களில் டாக்டரம்மா வந்தார். முதலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நலம் விசாரித்தார். அடுத்த நாள் நாற்காலியை டிவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாள் வரும்போதே, “பாலத்தைத் தாண்டியாச்சா?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். இடுப்பைப் பற்றிய பேச்சு டீ வரும்வரை கூடத் தாங்கவில்லை.

சதுப்பு நிலத்துப் பூதத்திடம் மனைவி திரும்பத் திரும்பத் தோற்றாள். வாளால் வெட்டினாலும் மந்திரம் போட்டாலும் அது அசையவில்லை. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“வாயைத் திறக்கிறப்போ பாரும்மா. கீழ் வரிசையில இடது கடவாப் பல்லு சொத்தை. அங்க அடி.”

அடித்தாள். பூதம் ஊளையிட்டுக்கொண்டு சரிந்தது. இரண்டு பேரும் கையோடு கை தட்டிக்கொண்டார்கள். பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த பல்செட்டுக்காரரும் தன்னை மறந்து கை தட்டினார். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தக் கதையை அவர் மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்ல ஆரம்பித்திருக்கிறார். ஒரு தடவைகூட அவள் பூதம் வரை கேட்டதில்லை. இப்போது அவளே விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். கடைசிக் கதவை மட்டும் தன் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், யார் கை வைத்துத் திறந்தால் என்ன என்கிற நிலைக்கு அவர் இறங்கி வந்துவிட்டார்.

லீவின் கடைசி நாள் சாயங்காலம். கோட்டைக்குள் நுழைந்தாயிற்று. டாக்டரம்மா நேரத்தோடு வந்து இடம் பிடித்துவிட்டார். பல்செட்டுக்காரர் சமையலை முடித்து, பாத்திரம் கழுவி, ஈரக் கையோடு சோபாவுக்குப் பின்னால் வந்து நின்றார். தூரத்தில் அந்தக் கதவு தெரிந்தது. அதற்கு முன்னால் கடைசிப் பூதம் காவல் நின்றது.

டாக்டரம்மாவின் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “தம்பி, ஒருத்தருக்குப் பல்செட்டு ரெண்டாப் போயிடுச்சாம். இன்னும் கொஞ்ச நேரத்துல மேடை ஏறிப் பேசணுமாம். கிளினிக்ல உக்காந்திருக்கார். ஒட்டிக் குடுத்துட்டு வந்துடுங்க.”

“டாக்டரம்மா, இவளை இந்த நிலைமையில விட்டுட்டு நான் எப்படி...”

“நான் இருக்கேன்ல?”

அதற்குமேல் அவரிடம் பொய் இல்லை. மனைவியின் காதருகே குனிந்து, “நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வை,” என்று கெஞ்சினார். அவள் தலையை ஆட்டினாள். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று அவர் அவசரத்தில் கவனிக்கவில்லை.

அன்றைக்கு ஒட்டிய மாதிரி வேகமாக அவர் எந்தப் பல்லையும் ஒட்டியதில்லை. பேச்சாளர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். படியில் டாக்டரம்மா எதிரே இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. இவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே மனைவி எழுந்து நின்று தலையணைகளை உதறிக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“நிறுத்தி வைன்னு சொன்னேனே!”

“நான் நிறுத்தப் பாத்தேன். டாக்டரம்மா விடல.”

“நீ நிக்கிறியே, அவங்க பாக்கலையா?”

“பூதம் விழுந்ததும் நான் எந்திரிச்சுக் குதிச்சேன். அவங்களும் குதிச்சாங்க.”

“இடுப்பு?”

“யாரும் கேக்கல.”

அவர் சோபாவில் சரிந்தார். கேட்கவும் வேண்டும், கேட்கவும் பயம். “கதவு... திறந்துச்சா?”

“திறந்துச்சு. உள்ளயிருந்து ஒரு வெளிச்சம் வந்துச்சு. விளக்குக்காரன் எட்டிப் பாத்தான். அத்தோட ‘முதல் பாகம் முடிந்தது’ன்னு எழுத்து வந்துடுச்சு. மீதியை அடுத்த வருஷம் விடறாங்களாம். எங்களுக்கு அழுகையே வந்துடுச்சு.”

பல்செட்டுக்காரருக்கு மனசு குளிர்ந்தது. தங்கையை இவர்களும் பார்க்கவில்லை! தனக்கு முன்னால் இந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் உள்ளே போகவில்லை! கொடுத்துவைத்தவன் என்று தன்னையே நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடி முன் இருந்த தைரியம் திரும்பி வந்தது.

“அடுத்த வருஷம் நான்தான் ஆடுவேன். பொய்யெல்லாம் வேண்டாம். நாளைக்கே டாக்டரம்மாகிட்ட நேரா போய், அந்த வாரம் எனக்கு லீவு வேணும்னு இப்பவே சொல்லி வச்சுடறேன்.”

“அது முடியாதுங்க,” என்றாள் மனைவி, கடைசித் தலையணையை அதன் இடத்தில் வைத்தபடி. “அந்த வாரம் அவங்க லீவு. கிளினிக்கை நீங்க பாத்துக்குவீங்கன்னு நான் சொல்லிட்டேன்.”